ஒரு விண்மீனும் அரை மணித்தியாலமும்

பிள்ளையள், என்ரை உத்தியோகத்திலை நான் செய்த ஆகப் பெரிய பிழையைச் செய்து முடிக்க எனக்கு எடுத்தது ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம். அதைத்தான் முதல் சொல்லப்போறன். நாளையிலையிருந்து எங்கடை ஆய்விதழின்ரை வானியல் பகுதி உங்கடை கையிலை. கட்டுரை திருத்திறது, அடிக்குறிப்புப் போடுறது, படம் வரையிறது எல்லாம் என்னைவிட உங்களுக்கு வடிவாய்த் தெரியும், உதுக்கு நான் தேவையில்லை. நான் சொல்லப்போறது ஒரு தபால் கந்தோர்க்காரரின்ரை கதை. இடையிலை கத்தினால் பயப்பிடாதேங்கோ. என்ரை சாதாரணக் குரலே உதுதான்.

அப்ப எங்கடை கந்தோர் வட்டுக்கோட்டையிலை ஒரு அச்சகத்துக்குப் பின்னாலை இரண்டு அறை. அச்சு மிசின் ஓடினால் என்ரை மேசை ஆடும். வருசத்துக்கு இரண்டு இதழ் போடுவம். கட்டுரை வருதோ இல்லையோ, விசர்க் கடிதங்கள் ஒழுங்காய் வரும். சந்திரன் உள்ளுக்குக் கோறை எண்டு ஒருத்தர், பூமி சுத்தேல்லை எண்டு இன்னொருத்தர், புவியீர்ப்பு எண்டதே வெள்ளைக்காரன்ரை புழுகு எண்டு மூண்டாமவர். மூண்டாமவர் ஒவ்வொரு மாசமும் எழுதுவார், கடைசியிலை கட்டாயம் "இதைப் பிரசுரிக்க உங்களுக்குத் துணிவில்லை" எண்டு ஒரு வரி இருக்கும்.

அப்பிடி அவரின்ரை கடிதம் வந்த அண்டைக்குத்தான் இதுவும் வந்தது. கையெழுத்துப் பிரதி. நல்ல குண்டுக் குண்டு எழுத்து. எழுதினவர் சண்டிலிப்பாய்ப் பக்கத்திலை ஒரு உப தபால் கந்தோரிலை போஸ்ட் மாஸ்டராய் இருந்து ஓய்வு பெற்றவர். வெறுங்கண்ணாலை பார்த்து ஒரு விண்மீனுக்கு ஒளிஞ்சிருக்கிற கூட்டாளி ஒண்டைக் கண்டுபிடிச்சனான் எண்டு எழுதியிருந்தார். தொலைநோக்கி இல்லை, கருவி இல்லை, கண்! நான் முதல் இரண்டு பக்கத்தை மேய்ஞ்சன், "எமது இதழின் வரம்புக்குள் அமையவில்லை" எண்டு எழுதி, கடித உறைக்குள்ளை வைச்சுத் திருப்பி அனுப்பிப்போட்டன். தேத்தண்ணி ஆறக்கூட இல்லை.

நாலைஞ்சு நாள் கழிய ஒரு காலைமை வாசலிலை சைக்கிள் நிப்பாட்டின சத்தம். மெலிஞ்ச மனிசன், வெள்ளைச் சேட்டு, காற்சட்டைக் காலிலை கிளிப். நான் கதிரையிலை நிமிர்ந்து இருந்துகொண்டன். சண்டைக்கு வந்திட்டார் எண்டு நினைச்சன். இப்பிடி வாற ஆக்களோடை நான் முந்தியும் கொழுவியிருக்கிறன், எனக்கும் உள்ளுக்குள்ளை கொஞ்சம் விருப்பம்தான்.

அவர் சண்டை பிடிக்கேல்லை. "மிஸ், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நீங்கள் திருப்பி அனுப்பினதிலை ஆறாம் பக்கம் இல்லை. என்னட்டை வேறை பிரதி இல்லை. ஒருக்கால் பார்த்துத் தருவியளே?" எண்டார்.

முப்பது வருசம் பதிவுத் தபாலை எண்ணி எண்ணிக் குடுத்த மனிசன் பக்கத்தை எண்ணாமல் விடுவாரோ? எனக்கு முகம் சுட்டுப்போச்சுது. அவரை இருக்கச் சொல்லிப்போட்டு மேசையிலை கிடந்த குப்பையெல்லாம் கிளறினன். ஆறாம் பக்கம் என்ரை தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழை கிடந்தது. வட்டமாய்க் கறை. அதைத் துடைக்கிற சாட்டிலை கண்ணை ஓடவிட்டன்.

அது ஒரு அட்டவணை. விண்மீன் எப்ப மங்கோணும், எப்ப மங்கினது எண்டு நாள் நாளாய். ஓரத்திலை சின்ன எழுத்திலை குறிப்புகள். "முகில். நம்பவேண்டாம்." "காய்ச்சலோடு பார்த்தது. நம்பவேண்டாம்." "முதல்நாள் நித்திரை இல்லை. பாதி நம்பலாம்."

பிள்ளையள், எத்தினை விசரர் எழுதின கடிதம் நான் வாசிச்சிருப்பன்! ஒருத்தராவது தன்ரை எழுத்தை நம்பவேண்டாம் எண்டு எழுதினதில்லை. நான் அந்தத் தாளைக் கையிலை வைச்சுக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தன்.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன். என்ன நடந்தால் உங்கடை கதை பிழை எண்டு ஒத்துக்கொள்ளுவியள்?"

யோசிக்கவே இல்லை. "இப்ப மங்கல் பிந்தி வருது மிஸ். என்ரை கணக்குப்படி இன்னும் இரண்டு மூண்டு வருசத்திலை அது நேரத்துக்கு முந்தி வரத் துவங்கோணும். வராட்டில் நான் சொன்னது பிழை. கட்டி அலுமாரியிலை போடலாம்."

"அப்ப இருந்து பார்க்கலாமே. ஏன் இப்ப அச்சிலை வரோணும் எண்டு நிக்கிறியள்?"

அவர் கண்ணாடியைக் கழட்டினார். இரண்டு கண்ணிலையும் வெள்ளை படர்ந்திருந்தது. "ஒண்டு வெட்டியாச்சு, சரிவரேல்லை. மற்றதுக்கும் டொக்டர் பெரிய நம்பிக்கை சொல்லேல்லை. நான் இனிப் பார்க்க ஏலாது மிஸ். வேறை ஆரும் பார்த்தால்தான் உண்டு. அச்சிலை வராட்டில் ஆர் பார்ப்பினம்?"

ஆறாம் பக்கத்தை நான் திருப்பிக் குடுக்கேல்லை. மற்றப் பக்கங்களையும் கொண்டு வாங்கோ எண்டன்.

அந்த விண்மீனைப் பற்றி ஒரு சொட்டுச் சொல்லிப்போடுறன். அது உண்மையிலை இரட்டை, ஒண்டை ஒண்டு சுத்துதுகள். ஒண்டு மற்றதை மறைக்கிற நேரம் எங்கடை கண்ணுக்கு வெளிச்சம் குறையும். அதைத்தான் அண்ணை மங்கல் எண்டு எழுதினவர். நானும் அந்தச் சொல்லையே பிடிச்சுக்கொண்டன். மங்கல் ஒழுங்காய் வரோணும், ஆனால் அண்ணையின்ரை கொப்பியிலை சில வருசம் நேரத்துக்கு வருது, பேந்து சில வருசம் பிந்தி வருது. அப்பிடியெண்டால் மூண்டாவது ஒண்டு ஒளிஞ்சு நிண்டு இரண்டையும் இழுக்குது. அதுகள் தூரப் போகேக்கை வெளிச்சம் வந்து சேரப் பிந்தும், கிட்ட வரேக்கை முந்தும். அவ்வளவுதான் அவரின்ரை வாதம். பெரிய தொலைநோக்கிக்காரர் ஏன் காணேல்லை எண்டு கேப்பியள். அவையின்ரை கருவிகளுக்கு உந்த விண்மீனின்ரை வெளிச்சம் மெத்தக் கூடினது, கண் கூசும். ஒருதரும் அதைத் தொடர்ந்து பார்க்கேல்லை.

அண்ணை பதின்மூண்டு வருசம் பார்த்தவர். சண்டையாலை கரண்ட் இல்லாத வருசங்கள் அது. குடாநாடு முழுக்க ஜாம் போத்தல் விளக்கு. நாங்கள் எல்லாம் இருட்டைத் திட்டித் திட்டிப் படுக்க, அந்த மனிசன் முற்றத்திலை சாக்குக் கட்டிலைப் போட்டு அண்ணாந்து பார்த்திருக்கிறார். பேந்து கரண்ட் வந்து, வீட்டுக்கு முன்னாலை வெளிச்சக் கம்பம் நட்டு, அதோடை அவரின்ரை வானம் முடிஞ்சுது. "சனத்துக்கு லைட் வேணும்தானே மிஸ்" எண்டார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் நான் சும்மா தும்மிச் சமாளிச்சன்.

கட்டுரையைத் தட்டச்சுச் செய்து, ஆங்கிலத்திலையும் ஒரு பிரதி ஆக்கி, இரண்டு மதிப்பீட்டாளருக்கு அனுப்பினன். முதலாமவர் "புதுமை, கவனமாகப் பிரசுரிக்கலாம்" எண்டு நாலு வரி. இரண்டாமவர் வெளிநாட்டிலை பெரிய பேராசிரியர், இப்பிடி இரட்டை விண்மீன்களிலையே காலம் போக்கினவர். அவர் ஒரு பக்கம் எழுதியிருந்தார். அதிலை ஒரு பந்தியை நான் இண்டைக்கும் மறக்கேல்லை.

"இக்கட்டுரையின்படி, தொண்ணூறுகளின் நடுப்பகுதிக்குப் பிறகு விண்மீன் ஏறத்தாழ அரை மணித்தியாலம் பிந்துகிறது. அதே காலத்தில் உங்கள் நாட்டு அரசாங்கம் மணிக்கூடுகளை அரை மணித்தியாலம் முன்னுக்கு நகர்த்தியது என்பதை ஆசிரியர் அறிவாரா? விண்மீன் மாறவில்லை. மணிக்கூடுதான் மாறியிருக்கிறது."

அட கடவுளே!

உங்களிலை கன பேர் அப்ப பிறக்கேல்லை. மின்சாரம் மிச்சம் பிடிக்க எண்டு அரசாங்கம் மணிக்கூட்டை முதல் ஒரு மணித்தியாலம் தள்ளி, பேந்து கொஞ்ச மாசத்தாலை பாதியைத் திருப்பி எடுத்து, கடைசியிலை அரை மணித்தியாலத்திலை வந்து நிண்டது. அப்பிடியே பத்து வருசம் போச்சுது. அந்தப் பத்து வருசமும் யாழ்ப்பாணத்திலை இரண்டு நேரம். கலியாண அழைப்பிதழிலை முகூர்த்தத்துக்குப் பக்கத்திலை "பழைய நேரம்" எண்டு அடிப்பினம். கோயில் பூசை பழைய நேரம். பள்ளிக்கூடம், வங்கி, கந்தோர் புது நேரம். ஒருத்தர் "பத்து மணிக்கு வாறன்" எண்டால் "எந்தப் பத்து?" எண்டு கேக்கோணும். நான் உடுவிலிலை வேதக்காரக் குடும்பம், சேர்ச்சுக்குப் போற ஆக்கள், எங்கடை வீட்டிலை பஞ்சாங்கமும் இல்லை, பழைய நேரமும் இல்லை. அரசாங்கம் சொன்ன அண்டைக்கே அப்பா சுவர் மணிக்கூட்டைத் திருப்பிப்போட்டார். அதாலை இந்தக் கேள்வி என்ரை புத்தியிலை உதிக்கவே இல்லை. வெளிநாட்டிலை இருந்த மனிசனுக்கு உதிச்சிருக்கு!

அதைவிடக் கரைச்சல் என்னெண்டால், அண்ணையின்ரை கொப்பியிலை சரியாய் அந்த இடத்திலைதான் இடைவெளி. இடப்பெயர்வு. தென்மராட்சியிலை ஒரு கொட்டிலுக்குள்ளை பதினொரு பேர், பேந்து திரும்பி வந்தாப்போலை ஊரடங்கு, முற்றத்திலை நிக்க ஏலாது. ஒரு வருசத்துக்கு மேலை பதிவே இல்லை. இடைவெளிக்கு முன்னாலை மங்கல் நேரத்துக்கு, பின்னாலை அரை மணித்தியாலம் பிந்தி. விண்மீனோ மணிக்கூடோ எண்டு அந்தத் தாளைப் பார்த்துச் சொல்ல ஒருதராலையும் ஏலாது.

ஆசிரியர் குழு கூடினது. தலைவர் கடிதத்தை வாசிச்சுப்போட்டுச் சிரிச்சார். "போஸ்ட் மாஸ்டரின்ரை மணிக்கூடு பிழைச்சதுக்கு நாங்கள் ஆய்விதழ் அடிக்கிறதே? பிள்ளை, இவர் அரசாங்க உத்தியோகத்தர், புது நேரம் தானே பாவிச்சிருப்பார். உலகமெல்லாம் எங்களைப் பார்த்துச் சிரிக்கும்" எண்டார். எல்லாரும் சேர்ந்து சிரிச்சினம்.

எனக்குக் கொதி வந்திட்டுது. கொதியிலை சொல்லக்கூடாததைச் சொல்லிப்போட்டன். "அச்சுக்குப் போக இன்னும் பத்து நாள் இருக்கு. அதுக்குள்ளை நான் பதிலோடை வாறன். உது மணிக்கூட்டுப் பிழை எண்டால் இந்தக் கதிரையிலை நான் இருக்கமாட்டன்." வெளியிலை வந்து அச்சு மிசினுக்குப் பக்கத்திலை நிண்டு என்னை நானே பேசினன். விசரி, ஆரைக் கேட்டு வாயைக் குடுத்தனி எண்டு.

அடுத்த நாள் காலைமை சண்டிலிப்பாய்க்கு வெளிக்கிட்டன். வெங்காயத் தறைக்கும் புகையிலைத் தோட்டத்துக்கும் நடுவாலை ஒரு ஒழுங்கை, கடைசி வீடு. அண்ணையின்ரை மனிசி கதிரையைத் துடைச்சுப் போட்டா. நான் பேராசிரியரின்ரை கடிதத்தைத் தமிழிலை வாசிச்சுக் காட்டினன். மனிசிதான் கதைச்சா.

"எங்கடை வீட்டிலை எப்பவும் பழைய நேரம்தான் பிள்ளை. இவர் எட்டு மணிக் கந்தோருக்குப் பழைய நேரம் ஏழரைக்கு நிக்கோணும். நான் கலைச்சுக் கலைச்சு விடுறது. ஒரு நாள் மறந்துபோய் எட்டுக்குப் போய், சனம் வரிசையிலை நிண்டு பேசின பேச்சு!"

"கேட்டியளே அண்ணை? பழைய நேரம். அப்ப எழுதித் தாங்கோ, கொப்பியிலை உள்ளது எல்லாம் பழைய நேரம் எண்டு."

அண்ணை கையை விரிச்சார். "ஏலாது மிஸ்."

"என்ன ஏலாது?"

"பழைய நேரம்தான் எழுதினனான் எண்டு நினைக்கிறன். ஆனால் ஒவ்வொரு நாளும் எண்டு சத்தியம் பண்ண ஏலாது. பகல் முழுக்கப் புது நேரத்திலை முத்திரை குத்தின கை. ஒரு நாள் மாறி எழுதியிருந்தால்?"

பிள்ளையள், மெய்யாய்ச் சொல்லுறன், அந்த நேரம் மனிசனைப் பிடிச்சு உலுப்போணும் போலை இருந்தது. என்ரை கதிரை போகப்போகுது, அவரின்ரை பதின்மூண்டு வருசம் குப்பைக்குள்ளை போகப்போகுது, மனிசன் நேர்மை கதைக்கிறார்! "ஆர் உங்களைச் சத்தியம் பண்ணச் சொன்னது?" எண்டு கத்திப்போட்டன். மனிசி குசினிக்குள்ளை போயிட்டா.

கத்தி முடிய எனக்கே வெக்கமாய்ப் போச்சுது. கொஞ்சம் ஆறி இருந்து யோசிச்சன். அவர் சொன்னது சரி. ஞாபகம் சாட்சி இல்லை. அவர் சத்தியம் பண்ணியிருந்தாலும் அந்தப் பேராசிரியர் ஏன் நம்போணும்? நான் எண்டாலும் நம்பமாட்டன். எங்களுக்கு வேண்டினது வேறை ஒரு சாட்சி, அதே முற்றத்திலை, அதே மணிக்கூட்டைப் பார்த்த சாட்சி.

"அண்ணை, இந்த விண்மீனை விட்டால் வேறை எதையும் பார்த்தனீங்களே?"

"வேறை ஒண்டும் இல்லை மிஸ். முதன்முதல் பழகிறதுக்கு ஒண்டைப் பார்த்தனான். நூலகப் புத்தகத்திலை இருந்தது, எல்லாருக்கும் தெரிஞ்ச மங்கிற விண்மீன். கண் பழுதாகாமல் இருக்கோ எண்டு பார்க்க அதை விடாமல் இடைக்கிடை பார்த்து வந்தனான். அது புதினம் இல்லையே, அதுதான் கட்டுரையிலை சேர்க்கேல்லை."

நான் கதிரையாலை எழும்பிப்போட்டன். "இடப்பெயர்வுக்குப் பிறகும் பார்த்தனீங்களே?"

"ஓம், கடைசி மட்டும்."

"அந்தக் கொப்பி எங்கை?"

விளங்குதே உங்களுக்கு? அந்தப் பழகு விண்மீன் எப்ப மங்கும் எண்டு உலகத்துக்கே தெரியும், கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அண்ணையின்ரை மணிக்கூடு புது நேரத்துக்கு மாறியிருந்தால் அதுவும் அரை மணித்தியாலம் பிந்தித்தான் பதிவாகியிருக்கும். மணிக்கூடு ஒண்டுதானே! அது பிந்தேல்லை எண்டால் மணிக்கூடு மாறேல்லை. அப்ப பிந்தினது மற்ற விண்மீன்தான்.

கொப்பி எண்டு சொல்லுறது பெயருக்கு. பேப்பர் இல்லாத காலம் எல்லோ, பாவிச்சுக் கழிச்ச தந்திப் படிவங்களின்ரை பின்பக்கத்திலை எழுதி ஊசி நூலாலை தைச்சு வைச்சிருந்தார். சாப்பாட்டு மேசையிலை பரப்பினம். அவர் ஒவ்வொண்டாய் வாசிக்க, நான் கணக்குப் போட்டன். அவருக்குக் கண் தெரியாத இடத்திலை மனிசி வாசிச்சா.

இடைவெளிக்குப் பிறகு முதலாவது பதிவு. சரி நேரம். பத்து நிமிசம் அங்காலை இஞ்சாலை, வெறுங்கண்ணுக்கு அது ஒண்டுமில்லை. இரண்டாவது, சரி. மூண்டாவது அரை மணித்தியாலம் பிந்தி.

நாலாவது சரி. அஞ்சாவது சரி. கொஞ்சத்தாலை பேந்தும் ஒண்டு பிந்தி. "பார்த்தியளே மிஸ், சத்தியம் பண்ணியிருந்தால் பொய்ச் சத்தியம்" எண்டார் அண்ணை.

நான் பென்சிலை வைச்சுப்போட்டு அந்தப் பிந்தின நாள்களை மட்டும் தனியாய் எடுத்து அடுக்கினன். மனிசிதான் முதல் கண்டது. "இஞ்சை எல்லாத்திலையும் மூலையிலை ஒண்டு எழுதியிருக்கு பிள்ளை. 'செய்தி இல்லை', 'செய்தி இல்லை'..."

அண்ணை தலையிலை கையை வைச்சார். "ஐயோ, ஓம்! எங்கடை வீட்டு மணிக்கூடு சாவி குடுக்கிறது. ஒவ்வொரு நாளும் பிந்தும். இந்திய வானொலிச் செய்திக்கு முன்னாலை மணி அடிக்கிற சத்தத்துக்குத்தான் சரியாக்கிறனான், அவையின்ரை நேரமும் எங்கடை பழைய நேரமும் ஒண்டு. சைக்கிள் டைனமோவிலை வானொலி, நான் மிதிக்க இவ கேப்பா. கேக்க ஏலாத நாள்களிலை கந்தோர் மணிக்கூட்டைப் பார்த்து வைச்சிருப்பன். கந்தோர் மணிக்கூடு புது நேரம்!"

'செய்தி இல்லை' எண்டு எழுதாத நாள் ஒண்டுகூடப் பிந்தேல்லை. எழுதின நாள் ஒண்டுகூடத் தப்பேல்லை. பிழையையும் அவரே தன்ரை கையாலை குறிச்சு வைச்சிருக்கிறார், தனக்கே தெரியாமல். நாங்கள் அந்த நாள்களிலை அரை மணித்தியாலத்தைக் கழிச்சுப்போட்டு, அதே மாதிரி அவரின்ரை விண்மீனின்ரை பதிவுகளையும் திருத்தினம். விண்மீன் பிந்தினது பிந்தினதுதான். அசையேல்லை! நான் எழும்பிக் கத்தின கத்திலை பக்கத்து வீட்டுக்காரர் வேலியாலை எட்டிப் பார்த்து "என்ன, ஆருக்கும் ஏதுமோ?" எண்டு கேட்டவை. எனக்கு வந்த புழுகத்திலை சந்தோசம் தாங்காமல் அண்ணையின்ரை மனிசியைக் கட்டிப்பிடிச்சுப்போட்டன். அவ "விடு பிள்ளை, உலையிலை அரிசி" எண்டா.

இனி நீங்கள் கவனமாய்க் கேக்கவேண்டிய இடம். பதில் கிடைச்சுது, அதை எப்பிடிப் போடுறது? பிந்தின நாள்களை எடுத்துப்போட்டால் கட்டுரை பளிச்செண்டு இருக்கும், ஆருக்கும் தெரியப்போறதில்லை. அண்ணையே கேட்டார், "அதுகளை விட்டிடுவமோ மிஸ்?" எண்டு. நான் ஒரு இரவு யோசிச்சன், பொய் சொல்லேல்லை, எனக்கும் ஆசை வந்தது. விடிய எழும்பி முடிவெடுத்தன். எல்லாம் போடுறது. பிழைச்ச நாள் ஒவ்வொண்டுக்கும் உடுக்குறி போட்டு, ஏன் பிழைச்சது எண்டு கீழை எழுதுறது. அதுக்கு எதிர்ப்பக்கத்திலை பேராசிரியரின்ரை எதிர்ப்பை அவரின்ரை பெயரோடையே அச்சடிக்கிறது. கடைசியிலை தடிச்ச எழுத்திலை, எந்தப் பருவத்திலையிருந்து மங்கல் முந்தி வரோணும், வராட்டில் கட்டுரை பிழை எண்டு ஒரு பந்தி. வழமைக்கு மாறான ஒரு கதையைக் காப்பாத்திறது எண்டால் அதைச் சேலை போட்டு மூடுறது இல்லைப் பிள்ளையள். நடுச் சந்தியிலை கொண்டுபோய் நிப்பாட்டுறது.

தலைவர் துள்ளினார். "எங்கடை குறையை நாங்களே அச்சடிக்கிறதே? கண்டறியாத வேலை!"

"நாங்கள் அடிக்காட்டில் வேறை ஆரும் அடிப்பினம் சேர், இன்னும் பெரிசாய்" எண்டன்.

அவர் பிரதியைப் பறிக்கிற மாதிரி வாங்கிக்கொண்டு போனார். அடுத்த நாள் திருப்பித் தரேக்கை முன்பக்கத்திலை ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார். "அடியுங்கோ." நல்ல மனிசன், பிழையாய்ச் சிரிச்சாலும் சரியாய் வாசிப்பார்.

பேராசிரியரிட்டை அனுமதி கேட்டு எழுதினன். பழகு விண்மீனின்ரை பதிவுகளையும் அனுப்பினன். பதில் வந்தது. "இது நான் எதிர்பார்க்காத பதில். ஆயினும் வெறுங்கண்ணால் மூன்றாவது உடலொன்றைக் கண்டறிய முடியும் என நான் நம்பவில்லை. என் மறுப்பை என் பெயருடன் தாராளமாக வெளியிடுங்கள். குறித்த பருவத்தில் நானே பார்ப்பேன்."

நானே பார்ப்பேன்! எனக்கு வேண்டினது அந்த இரண்டு சொல்தான். அண்ணைக்கு வாசிச்சுக் காட்டினன். "நம்பாட்டிலும் பறவாயில்லை மிஸ், பார்க்கிறன் எண்டு சொல்லியிருக்கிறார்" எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னார்.

இதழ் வந்தது. பேந்து ஒரு சத்தமும் இல்லை. ஒரு வருசம் போச்சுது, இரண்டு வருசம் போச்சுது. கூட்டங்களிலை ஆரும் என்னைக் கண்டால் "எப்பிடி, உங்கடை போஸ்ட் மாஸ்டரின்ரை நட்சத்திரம் வந்திட்டுதோ?" எண்டு பகிடி. நானும் சிரிச்சுச் சமாளிப்பன், வீட்டை வந்து கதவைச் சாத்திப்போட்டுப் பேசுவன். உண்மையைச் சொன்னால் பயம். என்ரை கதிரைக்கு இல்லை. அண்ணையின்ரை மற்றக் கண்ணும் மங்கிக்கொண்டு வந்தது, உயிரோடை இருக்கேக்கை அந்த மனிசனுக்கு ஒரு பதில் கிடைக்கோணும் எண்டு நான் அந்தரப்பட்டன்.

மூண்டாம் வருசம், ஒரு மத்தியானம், சோத்துக் கையோடை மின்னஞ்சலைத் திறந்தன். பேராசிரியர்.

தங்கடை பெரிய கருவிக்குக் கூசும் எண்டதாலை, காட்போட் மட்டையிலை ஓட்டை வெட்டித் தொலைநோக்கியின்ரை வாயை மூடி, அந்தப் பருவம் முழுக்கப் பார்த்திருக்கிறார். பாருங்கோ, எவ்வளவு பெரிய மனிசன், மட்டை வெட்டினவர்! மங்கல் முந்தி வந்திருக்கு. ஒரு தரம் இல்லை, வந்த மங்கல் எல்லாம் முந்தி. "நான் சொன்னது தவறு. கட்டுரை ஆசிரியர் சொன்னது சரி. என் மறுப்பை வெளியிட்ட அதே இடத்தில் இதையும் வெளியிடுங்கள்" எண்டு எழுதியிருந்தார். அதுக்குக் கீழை இன்னொரு பந்தி. வாற மாசத்து மங்கல் ஒண்டை இன்னும் நுணுக்கமாய் அளக்கப்போகினமாம், தங்கடை கணக்கு அவ்வளவு திருத்தமாய் இல்லையாம், நேரத்தை அந்தப் போஸ்ட் மாஸ்டரிட்டையே கேட்டு அனுப்பட்டாம்.

நான் கை கழுவினனோ இல்லையோ தெரியாது. சண்டிலிப்பாய்க்குப் போய் அண்ணைக்குப் பக்கத்திலை இருந்து சொல்லுக்குச் சொல் வாசிச்சன். மனிசன் அழுதார். நானும் அழுதன், இந்த முறை தும்மேல்லை. "நான் சும்மா கிடந்து பார்த்தனான் மிஸ், சும்மா கிடந்து பார்த்தனான்" எண்டு அதையே சொன்னார். பேந்து முகத்தைத் துடைச்சுப்போட்டு, மனிசியைக் கூப்பிட்டுப் பென்சில் எடுக்கச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அவ கணக்குப் போட்டா. இரண்டு தரம் சரி பார்த்தாப் பிறகுதான் தாளை என்னட்டைத் தந்தவை.

அடுத்த மாச முடிவிலை பேராசிரியரின்ரை பதில் வந்தது. நாலே வரி.

"நீங்கள் அனுப்பிய நேரத்துக்குக் கருவியைத் திருப்பினோம். மங்கல் வந்தது. உங்கள் போஸ்ட் மாஸ்டரின் கணக்குக்கும் எங்கள் அளவுக்கும் ஆறு நிமிடம் வித்தியாசம் இருக்கிறது. எங்கள் மணிக்கூட்டைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம்."